நடுக்கத்துக்கு முந்திய காலம்
பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்களின் தொடக்க மாற்றங்கள்: சில குறிப்புகள்

1

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நம்ம பக்கத்து ஆட்கள் இதற்குத் தேதி சொல்வதில்லை. “மாசி மகத்துக்கு முன்னாடியே”, “கொட்டகை பிரிச்சப்போ”, “பேத்தி வயசுக்கு வந்த வருசம்” என்று ஏதாவதொரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டுச் சொல்வார்கள். மருத்துவர் அதை ஆறு மாதம் என்றோ இரண்டு வருடம் என்றோ எழுதிக்கொள்வார். நோயின் தொடக்கம் என்பது இப்படி இரண்டு மொழிகளுக்கு நடுவில் நடக்கிற ஒரு பேரம்.

பார்க்கின்சன் நோயைப் பொறுத்தவரை இந்தப் பேரத்தில் இரண்டு தரப்புமே தோற்கிறது. கை நடுங்கத் தொடங்கிய நாளை நோயாளி சொல்கிறார், மருத்துவரும் அங்கிருந்தே கணக்குத் தொடங்குகிறார். ஆனால் அந்த நாளுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னாலேயே உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது என்று இன்றைய நரம்பியல் சொல்கிறது. நடுக்கம் தொடக்கமல்ல, நடுப்பகுதி. நாம் ‘ஆரம்பம்’ என்று சொல்வது ஒரு நெடுங்கதையின் ஐந்தாம் அத்தியாயத்தை.

உடல் பற்றிக் கடந்த முப்பதாண்டுகளில் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். சாதியின் உடல், பாலினத்தின் உடல், ஃபூக்கோ வழியாக அதிகாரம் பழக்கி எடுக்கும் உடல். இதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் பேச்சு செல்லுக்குள் நுழைந்ததும், அது டாக்டர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். செல்லுக்குள் நடப்பதை யார், எந்தக் கருவியால், யாருடைய உடலில் பார்த்தார்கள் என்பது முழுக்க அரசியல் சார்ந்த கேள்வி. அதைக் கேட்பதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விஞ்ஞானத்தைச் சொல்லாடல் என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வசதி, நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை.

2

முதலில் பெயருக்குரிய ஆள். ஜேம்ஸ் பார்க்கின்சன் (1755-1824) லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817இல் ‘நடுக்கு வாதம்’ பற்றி அறுபத்தாறு பக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். மருத்துவப் பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அவர் லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி என்ற தீவிர ஜனநாயக அமைப்பின் உறுப்பினர் என்பதையும், ‘கிழட்டு ஹியூபர்ட்’ என்ற புனைபெயரில் அரசுக்கெதிரான துண்டுப் பிரசுரங்கள் எழுதியவர் என்பதையும், 1794இல் மன்னரைக் கொல்லச் சதி என்று ஜோடிக்கப்பட்ட வழக்கில் பிரிவி கவுன்சிலின் விசாரணைக்கு இழுக்கப்பட்டவர் என்பதையும் அவை சொல்வதில்லை. வாக்குரிமைக்கும் ஏழைகளுக்கும் பேசிய ஒரு துண்டுப்பிரசுரக்காரரின் பெயர் ஒரு நோய்க்குப் பெயராக உறைந்துபோனது.

அவர் விவரித்த ஆட்கள் ஆறே பேர். அவர்களில் சிலரைத் தெருவில்தான் பார்த்தார், ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கூன் விழுந்த முதுகு, முன்னால் சாய்ந்து ஓட்டமாகிவிடுகிற நடை, ஓய்வில் இருக்கும்போது நடுங்குகிற கை. மருத்துவமனைப் படுக்கையைவிடத் தெருவின் நடையே அவருக்குப் பிரதி. நோய் மெல்ல, தெரியாமலேயே நுழைவதால் அது தொடங்கிய நாளை நோயாளிகளால் சொல்ல முடிவதில்லை என்பதையும் அவர் அப்போதே குறித்திருக்கிறார். இந்த நோயைப் பற்றிய முதல் ஆவணத்திலேயே தொடக்கம் நழுவிப்போகிறது.

அறுபதாண்டுகள் கழித்துப் பாரிசில் ஷார்கோ, நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும், அசைவின் மெதுவே இதன் மையம் என்று காட்டி, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை வைத்தார். ஃபிரெட்ரிக் லெவி 1912இல் இந்த நோயால் இறந்தவர்களின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். 1919இல் பாரிசில் ஆய்வேடு சமர்ப்பித்த ட்ரெத்தியாக்கோஃப், நடுமூளையின் ஒரு கரிய பட்டை வெளிறிப்போயிருப்பதுதான் இந்நோயின் அடையாளம் என்று காட்டினார். பிணத்தைத் திறந்தபோதுதான் நோயின் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பிணம் காட்டுவது முடிவை மட்டுமே. தொடக்கத்தைப் பிணத்தில் தேட முடியாது என்ற சிக்கல் இந்த ஆய்வுத்துறையை இன்றுவரை விடாமல் துரத்துகிறது.

3

அந்தக் கரிய பட்டைக்கு லத்தீனில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர், ‘கரிய பொருள்’ என்று அர்த்தம். கருந்திட்டு என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன். மூளையில் உள்ள நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அதில் கருந்திட்டின் டோபமைன் நரம்பணுக்கள் இரண்டு பக்கமும் சேர்த்துச் சில லட்சம்தான். டோபமைனைத் தயாரிக்கும் வேலையின் கழிவு, வயதோடு சேர்ந்து செல்லுக்குள் கருநிறமியாகப் படிகிறது. பிறந்த குழந்தைக்கு இந்தக் கருமை கிடையாது.

இந்தச் சில லட்சம் செல்கள் ஏன் முதலில் சாகின்றன என்பதுதான் கேள்வி. பக்கத்தில் இருக்கிற மற்ற செல்கள் பிழைத்துக்கொள்கின்றன, இவை மட்டும் விழுகின்றன. இதற்குச் சொல்லப்படும் விடைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இவற்றின் வேலைச்சுமை.

ஒரு டோபமைன் நரம்பணுவின் உடல் கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளி. அதிலிருந்து கிளம்புகிற ஆக்சான் என்ற இழை, ஸ்ட்ரையேட்டம் என்கிற பகுதிக்குப் போய் மரம்போலக் கிளைக்கிறது. மனிதரில் ஒரே நரம்பணுவின் கிளைகளை நீட்டிப் போட்டால் நான்கு மீட்டருக்கு மேல் வரும், அதில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்பு முனைகள் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஒவ்வொரு முனையிலும் டோபமைனைச் சிறு பைகளில் நிரப்ப வேண்டும், வெளியே விட வேண்டும், மிச்சத்தைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். இதற்கான சரக்கெல்லாம் அந்தச் சிறு உடலிலிருந்து இழை வழியாகப் போய்ச் சேர வேண்டும். போதாததற்கு இந்தச் செல்களுக்கு ஓய்வே இல்லை. வெளியிலிருந்து யாரும் தூண்டாவிட்டாலும் நொடிக்கு இரண்டு மூன்று தடவை தாமாகவே துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் உப்பின் சோடியம் உள்ளே பாய்கிறது, கால்சியமும் நுழைகிறது. பாய்ந்ததையெல்லாம் உடனே வெளியே இறைத்தாக வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே இருக்கணும். ஒரு நாள் விட்டால் களம் கெட்டுவிடும். வெளியே நிற்கிறவனுக்கு உப்பளம் அசையாத வெள்ளைப் பரப்பு, உள்ளே இறைப்பு நிற்பதேயில்லை. நரம்பணுவும் அதுபோலத்தான். மூளை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இந்தச் சோடியத்தை வெளியே இறைப்பதற்கே போகிறது. அந்த ஆற்றலைத் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உலைகள். உலை சற்றுச் சோர்ந்தாலும் மற்ற செல்கள் சமாளிக்கும். எப்போதும் முழுவேகத்தில் ஓடுகிற இந்தச் செல்லுக்குக் கையிருப்பே கிடையாது.

இந்த இடத்தில்தான் ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் வருகிறது. 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. நரம்பு முனைகளில் டோபமைன் பைகளைக் கையாள்வதில் இதற்குப் பங்குண்டு. 1997இல் இரண்டு கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. இத்தாலியின் கொன்டூர்சி ஊரைச் சேர்ந்த, தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்த ஒரு குடும்பத்தில் இப்புரதத்துக்கான மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். மரபணுப் பிழை இல்லாத சாதாரண நோயாளிகளிடமும் லெவி கண்ட உருண்டைகளில் நிறைந்திருப்பது இதே புரதம்தான் என்பதையும் அதே ஆண்டில் காட்டினார்கள்.

தொடக்க மாற்றத்தை இப்படி வரிசைப்படுத்தலாம். நெகிழ்வாக மிதக்க வேண்டிய புரதம் தப்பாக மடங்குகிறது. தப்பாக மடங்கியது பக்கத்துப் புரதத்தையும் தன்னைப்போல மடக்குகிறது. சிறு கொத்துகள் உருவாகின்றன. பைகளின் சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இவை தொந்தரவு செய்கின்றன. செல்லின் குப்பை அள்ளும் அமைப்பான லைசோசோம் திணறுகிறது. அது திணறத் திணறக் கொத்துகள் பெருகுகின்றன. சுற்றியிருக்கும் துணைச்செல்கள் இதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. எது முதல், எது இரண்டாவது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. சிலருக்கு உலையின் பழுது முதலில், சிலருக்குக் குப்பை தேங்குவது முதலில். ஒன்றையொன்று வளர்க்கிற வட்டம் என்பதால் எந்த இடத்தில் நுழைந்தாலும் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. லெவி உருண்டையே கொலையாளியா, விஷக் கொத்துகளைச் செல் மூட்டை கட்டி வைத்த ஏற்பாடா என்பதும் தீராத வழக்கு.

ஆனால் ஒன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. செல் ஒரே நாளில் சாவதில்லை, முதலில் சாவது முனைகள். இணைப்புகள் வாடி, இழை பின்வாங்கி, கடைசியில்தான் செல்லின் உடல் விழுகிறது. நடுக்கம் வெளியே தெரிகிற நாளில் கருந்திட்டின் நரம்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்கிறது ஒரு கணக்கு, பாதிக்கு மேல் என்கிறது இன்னொன்று. முனைகளின் இழப்பு அதைவிடவும் அதிகம். விளிம்பில் தொடங்கி மையத்துக்கு வருகிற மரணம். நம் பத்திரிகைகளுக்குப் பிடித்த உருவகம்தான், ஆனால் அதோடு திருப்திப்பட்டு நின்றுவிட வேண்டாம். இதில் நடைமுறைச் செய்தி ஒன்று இருக்கிறது: முனைகள் வாடி உடல் இன்னும் உயிரோடிருக்கிற அந்த இடைக்காலத்தில்தான் ஏதாவது செய்ய முடியும்.

4

2003இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக்கும் குழுவினரும் ஒரு வரைபடம் தந்தார்கள். படிவுகள் முதலில் தோன்றுவது கருந்திட்டிலேயே அல்ல என்றார்கள். மணத்தை உணரும் மூளைப்பகுதியிலும், குடலோடு பேசுகிற வேகஸ் நரம்பின் அடித்தளத்திலும் தொடங்கி, கீழிருந்து மேலாக ஆறு கட்டங்களில் ஏறுகிறது. கருந்திட்டு மூன்றாம் கட்டம்தான். எல்லா நோயாளிகளும் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. சிலருக்கு உடலில் தொடங்கி மூளைக்கு, சிலருக்கு மூளையில் தொடங்கி உடலுக்கு என்று இரண்டு வழிகள் இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. படிவு செல்லிலிருந்து செல்லுக்குத் தாவுகிறது என்பதற்கு 2008இல் அதிர்ச்சியான சான்று கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் முன்பு நோயாளிகளின் மூளையில் பதியமிட்ட இளம் கருச்செல்களிலும் லெவி உருண்டைகள் தோன்றியிருந்தன.

ஆக, நடுக்கத்துக்கு முந்திய அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் உருவானது. மோப்பம் குறைதல். தீராத மலச்சிக்கல். கனவில் நடப்பதை உடலாலும் நடித்துவிடுகிற தூக்கம். கனவு காணும்போது நம் தசைகள் கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழ்ந்தவர்கள் தூக்கத்தில் கத்துவார்கள், உதைப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தும்விடுவார்கள். இப்படிப்பட்ட தூக்கம் உறுதிசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சனோ அதன் உறவு நோய்களோ வந்திருக்கின்றன. இதனோடு மனச்சோர்வு, தோளில் விறைப்பு, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது. தனித்தனியாக எடுத்தால் இவை யாருக்கும் வரக்கூடியவை. மலச்சிக்கல் இருக்கிறவர்களெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. சேர்ந்து வரும்போதுதான் பொருள் கூடுகிறது.

இந்தப் பட்டியலை மறுபடி வாசித்துப் பாருங்கள். இது யாருடைய உடலை முன்வைத்து எழுதப்பட்டது?

கையெழுத்து சிறுக்க வேண்டுமானால் முதலில் கையெழுத்து இருக்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவருக்கு இந்த அறிகுறி வராது. கை வீச்சு குறைவதைக் காண, வெறுங்கையோடு நடக்கிற ஆள் வேண்டும். தலையில் உப்புக் கூடையும் அதைப் பிடித்த கையுமாக வரப்பில் வருகிற பெண்ணிடம் எந்தக் கை வீசவில்லை என்று பார்ப்பீர்கள்? மோப்பத்தைச் சோதிக்க உலகெங்கும் பயன்படுகிற பெட்டி ஒன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவானது. சுரண்டி முகர்கிற நாற்பது வாசனைகள், அவற்றில் பீட்சாவும் ரூட் பீரும் உண்டு. கழுவெளிச் சேற்றின் வாசனை, கருவாடு, மழைக்கு முந்திய உப்புக்காற்று இதெல்லாம் அதில் இருக்க வாய்ப்பில்லை. கட்டிலில் ஜோடியாகப் படுப்பவர்களில் ஒருவர் மற்றவரின் தூக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். திண்ணையில் தனியாகப் படுக்கிற கிழவர் ராத்திரி கத்தினால் அது பேய், அல்லது முந்தின நாள் சாராயம்.

அறிகுறி என்பது உடலிலிருந்து தானாக வெளியே வருவதல்ல. ஒரு வாழ்முறையின் பின்னணியில்தான் அது அறிகுறியாக வாசிக்கப்படுகிறது. செல்லுக்குள் நடப்பது லண்டனிலும் வானூரிலும் ஒன்றுதான், அது வெளியே தெரிகிற விதம் ஒன்றல்ல. அப்படியானால் நம்ம பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்? வாசலில் போடும் கோலம் வரவரச் சிறுத்துக்கொண்டு போகிறதா? பூ கட்டுகிறவரின் விரல் முடிச்சில் தயங்குகிறதா? வலை பின்னுகிற கை, மீன் ஆய்கிற கை, சட்டைப் பித்தான் போடுகிற கை தாளம் தவறுகிறதா? இவை நிரூபிக்கப்பட்ட சோதனைகள் அல்ல, என் கேள்விகள். ஆனால் இவற்றைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சிக் கூடம் வேண்டாம், கவனிக்கிற கண்ணும் குறித்துவைக்கிற நோட்டும் போதும்.

எங்கள் பெரியப்பா உப்பளத்தில் முப்பது வருசம் பலகை இழுத்தவர். வரிசையில் நின்று உப்பு வாரும்போது எல்லாப் பலகையும் ஒரே வீச்சில் போய்வரும். அவருடையது மட்டும் பின்தங்க ஆரம்பித்தது. மேஸ்திரி, “பெருசு, கை வரமாட்டேங்குதே” என்று முதலில் கேலி செய்தார், பிறகு அரைக்கூலி கொடுத்தார், பிறகு வர வேண்டாம் என்றார். வீட்டில், “அவருக்கு மனசு விட்டுப்போச்சு, அதான் மூஞ்சி செத்துக் கெடக்கு” என்றாள் பெரியம்மா. முகத்தின் தசை அசைவு குறைவதை நரம்பியல் ‘முகமூடி முகம்’ என்கிறது. பெரியம்மாவின் சொல் அதைவிடத் துல்லியம். நடுக்கம் வந்தது அதற்கும் நான்கு வருசம் கழித்து. நோயின் பெயர் அப்போதுதான் வீட்டுக்கு வந்தது. நோயைக் கண்டுபிடித்த முதல் ஆள் மேஸ்திரி. அவரிடம் அதற்கு இருந்த ஒரே சொல் சோம்பேறித்தனம்.

5

இந்த நோயின் மருந்து வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடமுண்டு. நாம் மறந்துவிட்ட இடம் அது. பூனைக்காலிக் கொடி நம்ம வேலிகளில் படர்வது. காயின் சுனை பட்டால் தோல் அரித்தே உயிரெடுக்கும். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லண்டனிலிருந்து வரும் உயிர்வேதியியல் இதழில் அது வெளியானது. அதற்கு முன் 1913லேயே ஐரோப்பாவில் ஓர் அவரை வகையிலிருந்து எல்-டோபா பிரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பொருளுக்கும் நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சம்பந்தத்தைத் திறந்துவிட்டதும் இன்னொரு இந்தியச் செடிதான். சர்ப்பகந்தி வேர் இங்கே மனப்பிறழ்வுக்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாகக் கொடுக்கப்பட்டது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தார்கள். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதை உட்கொண்டவர்களில் சிலருக்குப் பார்க்கின்சன் போலவே விறைப்பும் நடுக்கமும் வந்தன. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரிசர்பைன் கொடுத்து முயல்களை அசைவற்றுச் சரிய வைத்தார். பிறகு எல்-டோபா ஊசி போட்டதும் அவை காதை நிமிர்த்தி எழுந்தன. 1960இல் வியன்னாவில் ஹோர்னிக்கிவிச், நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை அளந்து காட்டினார். 1967இல் நியூயார்க்கில் கொட்சியாஸ் டோபாவை வாய்வழியாக, பெரிய அளவில், படிப்படியாகக் கொடுத்து வெற்றி கண்டார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் கிடைத்தது.

இந்தக் கதையை இரண்டு விதமாகத் தப்பாகச் சொல்லலாம். எல்லாம் மேற்கின் மேதைமை என்பது ஒன்று, எல்லாம் நம் முன்னோர்க்கு அப்பவே தெரியும் என்பது இன்னொன்று. செடியின் பயன் இங்கே தெரிந்திருந்தது, பொருளைப் பிரிக்கும் திறனும் 1937 சென்னையில் இருந்தது. செடி, பொருள், மூளை, நடுக்கம் இந்த நாலையும் ஒரே கயிற்றில் கோக்கிற நிறுவனமும் பணமும் காலனியத் தலைநகர் ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை. இது பெருமைக்குரிய விஷயமா, இழப்பா என்று கேட்டால் இழப்பு என்றே சொல்வேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்-டோபா தீர்ந்துபோன டோபமைனை வெளியிலிருந்து நிரப்புகிறது. படுத்தவரை எழுப்பும், சாகிற செல்லைக் காப்பாற்றாது. ஆண்டுகள் போகப் போகப் பலருக்கு மருந்தின் வேகம் ஏறி இறங்கும், தேவையற்ற அசைவுகளும் வரும். பூனைக்காலி விதைப்பொடியும் இப்படியேதான், உள்ளே இருப்பது அதே பொருள். 2004இல் லண்டனில் ஒரு சிறு பரிசோதனையில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கடைப்பொடியில் எவ்வளவு எல்-டோபா இருக்கிறது என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மாத்திரையோடு சேர்த்துத் தன்னிஷ்டத்துக்குச் சாப்பிட்டால் அளவு கூடி ஆபத்தாகும். செல் சாவதைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எந்த முறையிலும் இல்லை. கால்சியம் நுழைவதைக் குறைத்தால் செல் பிழைக்கும் என்று நம்பி நடத்திய இஸ்ராடிபின் பரிசோதனை தோல்வியில் முடிந்தது. நல்ல கோட்பாடு நல்ல மருந்தாகிவிடுவதில்லை.

6

செல்லுக்குள் வட்டத்தைச் சுழற்றிவிடுவது எது? மரபணுக் காரணம் தெளிவாகத் தெரிவது குறைந்த பேரிடம்தான். மற்றவர்களுக்கு வயது, மரபணுச் சாய்வு, சூழல் மூன்றும் கலந்து வருகிறது. சூழல் என்ற சொல்லைத் திறந்தால் உள்ளே விஷம் இருக்கிறது.

1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று கல்லாய்ச் சமைந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளில் எம்பிடிபி என்ற கலப்பு இருந்தது. அது மூளைக்குள் போய் உருமாறி, டோபமைனை உறிஞ்சுகிற வாசல் வழியாகவே நரம்பணுவுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் படியை அடைத்தது. வாசல் டோபமைன் செல்லுக்கு மட்டும் உரியது, எனவே அந்தச் செல்கள் மட்டும் செத்தன. ஒரு வேதிப்பொருள் சில நாட்களில் பார்க்கின்சனை உண்டாக்க முடியும் என்பது அன்று நிரூபணமானது. இந்த எம்பிடிபி மூளைக்குள் மாறுகிற வடிவத்தைப் பெரிதும் ஒத்த அமைப்பு உள்ள ஒரு பொருள் கடைகளில் விற்கிறது. அதன் பெயர் பாராகுவாட். களைக்கொல்லி. கிராமக்சோன் என்று சொன்னால் எந்த விவசாயிக்கும் தெரியும்.

அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் குற்றவாளி ஆகிவிடாது. அது செல்லைத் தாக்கும் வழியும் வேறு. 2000இல் ரொட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி எலிகளில் மைட்டோகாண்ட்ரியாவை அடைத்து லெவி போன்ற படிவுகளையே உண்டாக்கியது. 2011இல் அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வில் பாராகுவாட்டையும் ரொட்டினோனையும் கையாண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. பிரான்ஸ் 2012இல் பூச்சிமருந்து கையாளும் விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் பாராகுவாட்டின் அனுமதி நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தானது. கேரளம் 2011இல் தடை செய்தது. பாராகுவாட்டைத் தயாரிக்கும் நிறுவனங்கள் காரண உறவு நிறுவப்படவில்லை என்றே வாதிடுகின்றன.

ஒரு தனி ஆளைக் காட்டி, இவருக்கு இந்த மருந்தால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு தனி ஆளைப் பற்றிய தீர்ப்பாகாது. ஆனால் தனி ஆளில் நிரூபிக்க முடியாது என்பதையே கூட்டத்துக்கும் பதிலாகச் சொல்வது மோசடி. அந்தக் கணக்கு இங்கே எடுக்கப்பட்டதா? இந்தியாவில் இந்நோய் பற்றிய முதன்மையான கணக்கெடுப்புகளில் ஒன்று 1980களில் பம்பாய்ப் பார்சிக் குடியிருப்புகளில் நடந்தது. லட்சத்துக்குச் சுமார் 328 பேர். பார்சிகளில் முதியோர் அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அங்கே கணக்கு எடுக்க முடிந்ததற்குக் காரணம் ஒழுங்கான குடியிருப்பும் பதிவேடும் மருத்துவ வசதியும். வானூர், மரக்காணம் வட்டங்களில் ஆறு மாதம் உப்பளம், மூன்று மாதம் மல்லாட்டை, மீதி நாளில் மருந்தடிக்கப் போகிற கூலியாளை எந்தப் பதிவேட்டில் தேடுவது? முகத்தில் துண்டைக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் தெளிப்பானின் கசிவு நனைய நடக்கிறவர் தான் தெளிப்பது என்ன என்றே அறியாதவர். குப்பியின் லேபிளை வாசிக்கத் தெரிந்தவர் வரப்பில் நிற்கிறார்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் மாங்கனீசு நஞ்சால் வரும் நோய்கள் இடம்பெற்றிருந்தன. மாங்கனீசுத் தூசு பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கும் என்பது 1837 முதலே தெரியும். ஆலைத் தூசுக்கு அட்டவணையில் இடம் கிடைக்கும், வயல் விஷத்துக்கு எளிதில் கிடைக்காது. ஆலையில் தொழிலாளி என்று ஒருவர் இருக்கிறார், வயலில் ‘ஆள்’தான் இருக்கிறது.

7

2023இல், முதுகுத்தண்டு நீரில் தப்பாக மடங்கிய சைனுக்ளினைக் கண்டறியும் சோதனை பெரிய அளவில் வெற்றி கண்டதாக அறிவித்தார்கள். மோப்பம் குறைந்து, நடுக்கம் இன்னும் வராத சிலரிடமும் அது நோயின் விதையைக் காட்டியது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே தொடக்கத்தைப் பார்த்துவிட முடிகிறது. பிணத்தில் தேடிய காலத்திலிருந்து இது பெரிய தூரம்தான். ஆனால் செல்லைக் காக்கும் மருந்து இல்லாதபோது ஒருவரிடம் போய், “இன்னும் பத்து வருசத்தில் உனக்கு வரும்” என்று சொல்வதன் பொருள் என்ன? காப்பீட்டுக்காரனும் முதலாளியும் அந்தத் தகவலை என்ன செய்வார்கள்? மருந்து ஆராய்ச்சிக்கு இந்த ‘முன்நோயாளிகள்’ அவசியம் தேவை. பரிசோதனைக்கு நம் உடல், பலனுக்கு வேறு உடல் என்ற பழைய ஏற்பாடு இதிலும் தொடர்ந்துவிடக் கூடாது.

இதற்காக, தொடக்கத்தைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட முடியாது. பெயர் தெரிந்தால் அரைக்கூலியும் சோம்பேறிப் பட்டமும் நிற்கும். விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு முன்னால் நடையைப் பழக்கலாம். உடற்பயிற்சி அசைவை மேம்படுத்துகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. எல்-டோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, கேட்டு வாங்க வேண்டியது. வானூரின் எல்லையிலேயே புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது, விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவம் பக்கத்தில்தான் இருக்கிறது. “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்ற ஒற்றை வாக்கியம் அதைத் தூரமாக்கிவிடுகிறது.

செயல்பாட்டாளர்களுக்கு நான் முன்வைப்பது சின்னக் கோரிக்கை. நடுக்கத்தோடு வருகிற ஒவ்வொருவரின் சீட்டிலும் வயது, ஊரோடு சேர்த்து என்ன வேலை பார்த்தார், எத்தனை வருசம் மருந்தடித்தார், எந்த மருந்து என்பதும் எழுதப்பட வேண்டும். பத்து வருசம் இப்படி எழுதினால் நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு இல்லாதவரை நிறுவனங்களின் ‘நிரூபணமாகவில்லை’ என்ற பதிலுக்கு நாம் கவிதைதான் வாசிக்க முடியும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் கதைகளில் நடுங்குகிற கிழவர்கள் நிறைய. நடுக்கத்துக்கு முந்திய பத்து வருசம் கதைகளில் இல்லை. கருவாட்டு வாசனை தெரியாமல் போன மனுசன், தூக்கத்தில் யாரையோ உதைத்துவிட்டுக் காலையில் வெட்கப்படுகிறவன், சிரிக்க நினைத்தும் முகம் ஒத்துழைக்காதவள், வரிசையில் ஒரு வீச்சு பின்தங்குகிற பலகை. மேஸ்திரிக்கு இதற்கெல்லாம் இருந்தது ஒரே சொல். மற்ற சொற்களை நாம்தான் உண்டாக்க வேண்டும்.